சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடிபோனால் பொழுது எப்படிப் போகும்?

மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருப்பதாகவும், உங்கள் மென்பொருள் நிறுவனம் மாதத்தில் நான்கு நாள் அலுவலகம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டதாகவும், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மகன் ஆறாம் வகுப்பு, கூடவே சர்க்கரையும் இதய நோயும் உள்ள அம்மா என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருச்சிக்குக் குடிபோனால் செலவு பாதியாகக் குறையுமா என்பது உங்கள் கேள்வியின் முதல் வரி. கடைசி வரியில், "அங்கே போய் என்ன செய்வது, பொழுது எப்படிப் போகும் என்று வீட்டில் கேட்கிறார்கள்" என்று சேர்த்திருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே செலவுக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிட்டு, ஒரு நாள் அங்கே எப்படி விடிந்து எப்படி முடிகிறது என்பதையே பெரும்பாலும் எழுதப்போகிறேன்.

நான் குடிநீர்த் திட்டங்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் இரண்டு தவணையாக ஒன்பது ஆண்டுகள் திருச்சியில் இருந்தேன். முதல் முறை கருமண்டபத்தில், இரண்டாம் முறை திருவானைக்காவலில் வீடு. இப்போது நங்கநல்லூரில் இருக்கிறேன் என்றாலும், மகள் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்வருகிறேன். தண்ணீர், வெயில், தெரு, போக்குவரத்து ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவை என் தொழிலோடும் உடம்போடும் பட்டவை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்பதால் அவற்றுக்கு எண் எதுவும் நான் தரப்போவதில்லை. நேரில் நாலு இடத்தில் விசாரித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் ஊரின் அளவு. 2011 கணக்கெடுப்பின்படி திருச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ எட்டரை லட்சம்; ஒட்டியுள்ள ஊர்களையும் சேர்த்தால் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், திருச்சியுடையது 167. இந்த எண்களைவிட, நான் மாற்றலாகிப் போன முதல் வாரம் நடந்த ஒரு பேச்சு உங்களுக்கு ஊரைப் புரியவைக்கும். கே.கே. நகரில் ஒரு வீடு பார்த்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் உண்மையான கவலையோடு, "அவ்ளோ தூரத்துலேர்ந்து டெய்லி எப்படி சார் வருவீங்க?" என்று கேட்டார். அது இருபது நிமிடத் தொலைவு. தாம்பரத்திலிருந்து சேப்பாக்கத்துக்குப் போய்வந்து பழகிய எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டே ஆண்டில் நானும் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம் என்றால், "அவ்வளவு தூரம் போகணுமா" என்று சலித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். குடிபெயர்பவர்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. சாலையில் கழிந்த ஒன்றரை, இரண்டு மணி நேரம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் "போரடிக்கிறது" என்கிறார்கள்.

இனிச் செலவு. பாதியாகாது. வாடகை கண்ணுக்குத் தெரியும்படி குறையும். நீங்கள் இப்போது இரண்டு படுக்கையறைக்குக் கொடுக்கும் தொகையில் தில்லைநகர் போன்ற விலையுயர்ந்த பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் தனி வீடே பார்க்கலாம். காய்கறி, பழம், வாழையிலை, பூ, வீட்டு வேலைக்கு ஆள், ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் போகும் பணம் ஆகியவையும் குறையும். ஆனால் மின்கட்டணம் மாநிலம் முழுவதும் ஒன்று, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது உட்பட. சமையல் எரிவாயு, பெட்ரோல், கைப்பேசி, பெட்டியில் அடைத்து வரும் எல்லாப் பொருளும், அம்மாவின் மாத்திரைகளும் ஏறக்குறைய சென்னை விலைதான். நல்ல பெயருள்ள தனியார் பள்ளிகளும் ஊர் சிறியது என்பதற்காகக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. புதிதாக முளைக்கும் செலவுகளும் உண்டு. கோடையில் குளிர்சாதனம் சென்னையைவிட அதிக நேரம் ஓடும். நீங்கள் மாதந்தோறும் சென்னைக்கு வரும் பயணமும் தங்கலும் இருக்கும். வீட்டில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு இருசக்கர வாகனம் தேவைப்படும். பழைய வருமானவரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், வீட்டுவாடகைப்படி விலக்கின் வரம்பு சென்னையில் சம்பளத்தில் 50 விழுக்காடு, திருச்சியில் 40 என்பதையும் கணக்கில் சேருங்கள். இவற்றையெல்லாம் விட, இருப்பிடம் மாறினால் சம்பளத்தை மாற்றமாட்டோம் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணத்தைப் பற்றி ஒரு சொல். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகையை முன்பணமாகச் சொல்கிறது, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய. அந்த "ஒழிய"வுக்குள்தான் எல்லாப் பேரமும் நடக்கிறது. சென்னையில் பத்து மாதம் கொடுத்துப் பழகியவர்கள் முதல் வீட்டிலேயே தலையாட்டிவிடுகிறார்கள், அவசரப்பட வேண்டாம். போக்கியத்துக்கு வீடு தருகிறோம் என்று பெரிய தொகை கேட்பவர்களும் அங்கே உண்டு. பத்திரம் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

திருவானைக்காவலில் நாங்கள் குடிபோன அன்று, பால் காய்ச்சி முடித்த கையோடு என் மனைவி தண்ணீர் கேனுக்கு எந்தக் கடையில் சொல்வது என்று வீட்டுக்கார அம்மாளைக் கேட்டாள். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் உள்ளே போய், குழாயில் பிடித்து மண்பானையில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து நீட்டினார். "குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் கேன் வாங்குங்கோ." நாங்கள் அந்த வீட்டில் இருந்த ஐந்து ஆண்டும் கேன் வாங்கவில்லை. இது வெறும் ஊர்ப் பெருமை இல்லை, இதற்குப் பின்னால் ஒரு பொறியியல் இருக்கிறது. என் தொழில் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். திருச்சிக்கு வரும் குடிநீரின் பெரும்பகுதி கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் காவிரிப் படுகையிலும், வடக்கே கொள்ளிடப் படுகையிலும் உள்ள நீர் சேகரிப்புக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆற்று மணலுக்குள் ஒரு பெரிய வட்டக் கிணற்றை இறக்கி, அதன் அடியில் துளையிட்ட குழாய்களை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாலாபுறமும் நீட்டிவிடுவோம். மேலே ஆறு வறண்டு மணலாகக் கிடக்கும் வைகாசியிலும் மணலுக்கு அடியில் நீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அந்த மணலே வடிகட்டி. இறைத்த நீரில் குளோரின் கலந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றினால் வேலை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், சென்னையில் நீங்கள் குடிப்பதிலும் ஒரு பங்கு இதே ஆறுதான். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கே மேலணை 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. கொள்ளிடத்தில் போகும் நீர் கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து 2004 முதல் ஏறத்தாழ 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்கு வருகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் கொண்டுவந்ததும் காவிரி நீரே. திருச்சியில் இருப்பவர் அதே நீரைப் பந்தியின் முதல் வரிசையில் உட்கார்ந்து குடிக்கிறார். அதற்காக அங்கே தண்ணீர்ப் பிரச்சினையே கிடையாது என்று சொல்லமாட்டேன். மாநகராட்சியோடு பின்னால் சேர்ந்த விரிவாக்கப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை நம்பியிருக்கும் தெருக்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றில் பெருவெள்ளம் வரும் நாட்களில் கிணற்று மோட்டாரோ ஆற்றைக் கடக்கும் குழாயோ பழுதானால், வெள்ளத்தைப் பாலத்திலிருந்து பார்த்துக்கொண்டே வீட்டில் தண்ணீர் இல்லாமல் இருக்க நேரும். வீடு பார்க்கும்போது தரைத்தொட்டிக்கு வரும் குழாயைத் திறந்து காட்டச் சொல்லி, "காவிரித் தண்ணியா, போர் தண்ணியா, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வரும்?" என்று வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள்.

தண்ணீருக்குக் கொடுத்ததை வெயிலில் பிடுங்கிக்கொள்ளும் ஊர் அது. சென்னையில் நண்பகல் தாண்டியதும் கடற்காற்று எழுந்து வெயிலின் முதுகை ஒடித்துவிடும். அது தாமதமாகும் நாளில்தான் நமக்குக் கோடை என்றால் என்னவென்று தெரிகிறது. திருச்சியில் ஒவ்வொரு நாளும் அந்தத் தாமதமான நாள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் செய்தியே இல்லை. ஈரப்பதம் குறைவு என்பதால் சட்டை முதுகில் ஒட்டாது, வியர்வை உடனே உலர்ந்துவிடும். முதல் ஆண்டு அதை நான் சுகம் என்று நினைத்துத் தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீரகக் கல்லை வாங்கிக்கொண்டேன். கருமண்டபம் வீடு மேல்மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுடும். மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பத்து வாளி தண்ணீர் ஊற்றுவோம். முதல் இரண்டு வாளி விழுந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும், ஐந்தாவது வாளிக்குப் பிறகுதான் தரை இருண்டு ஈரம் நிற்கும். மேல்மாடி வீட்டுக்கு வாடகை குறைவு என்றால் அந்தக் குறைவு எதற்கு என்று இப்போது உங்களுக்குப் புரியும். அம்மாவை வைத்துக்கொண்டு கீழ்த்தளம் அல்லது இடைத்தளம் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள்.

வெயில்தான் அங்கே நாளின் அட்டவணையை எழுதுகிறது என்று சொல்லலாம். வேலையெல்லாம் காலை பதினொன்றுக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு முதல் நான்கு வரை குடியிருப்புத் தெருக்கள் அடங்கிக் கிடக்கும். ஐந்தரைக்கு மேல் ஊர் இரண்டாம் முறையாக விழித்துக்கொண்டு ஒன்பதரை வரை நடமாடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் மேல்காற்று சன்னலைப் படபடவென்று அடித்து வீடெல்லாம் மண்ணைக் கொட்டும்; ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சென்னையில் பழமொழியாக மட்டுமே கேட்டவர்கள் அங்கே மாடிக்கொடியில் வேட்டியைத் தேடிப் புரிந்துகொள்வார்கள். ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். மார்கழி விடியலில் 20, 21 டிகிரிக்கு இறங்கும்போது நடக்கப் போகாமல் இருப்பதுதான் கடினம். மழை சென்னையைவிட மிகக் குறைவு, ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில். சென்னைக்கு 1,400 பக்கம் வரும்.

போக்குவரத்துக்கு வருகிறேன். மெட்ரோ இல்லை, மின்சார ரயில் இல்லை. எல்லாம் பேருந்தும் இருசக்கர வாகனமும்தான். ஊர்க்காரர்கள் மத்தியப் பேருந்து நிலையப் பக்கத்தை "ஜங்ஷன்" என்றும், மலைக்கோட்டையைச் சுற்றிய பகுதியை "டவுன்" என்றும், சத்திரம் பேருந்து நிலையத்தைச் "சத்திரம்" என்றும் சொல்வார்கள். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் பாதி ஊர் தெரிந்துவிடும். ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே ஓடும் ஒன்றாம் எண் பேருந்து நிமிடத்துக்கு ஒன்று வருவது போலத் தோன்றும். ஆனால் உங்கள் மனைவிக்கு ஒரு குறிப்பு: அங்கே நகரப் பேருந்துகளில் தனியார் வண்டிகள் ஏராளம், சென்னையில் அப்படி இல்லை. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணம் தனியார் வண்டியில் கிடையாது. நிறுத்தத்தில் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் வண்டியாகவே இருக்கும். இரவு பத்துக்கு மேல் பேருந்தை நம்ப முடியாது. வெளியூர்ப் பேருந்துகளுக்கு 2025-இல் பஞ்சப்பூரில் புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். நமக்குக் கிளாம்பாக்கம் எப்படியோ அவர்களுக்கு அது. நகருக்குள்ளிருந்து அங்கே போய்ச்சேரும் நேரத்தையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நெரிசலே இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் என்.எஸ்.பி. சாலையும் தெப்பக்குளமும் தியாகராய நகருக்குத் தம்பி. மெயின்கார்டு கேட் பக்கம் காரில் போவது எந்தக் காலத்திலும் புத்திசாலித்தனம் ஆகாது. 1976-இல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 இறுதியில் பழுதுபார்க்க மூடியபோது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கும் தீவில் வசித்தவர்களின் பத்து நிமிடப் பயணம் சில மாதங்களுக்கு முக்கால் மணி நேரமானது. ஊர் சிறியது என்றால் மாற்று வழிகளும் சிலவே. தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை கேட்டுப் பல ஆண்டுகளாக மக்கள் போராடுகிறார்கள். மகன் சைக்கிளில் பள்ளிக்குப் போகவேண்டும் என்றால் அந்த நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டாத பகுதியாகப் பாருங்கள்.

இப்போது பொழுது. விடியற்காலையில் தென்னூர் அண்ணாநகர் உழவர் சந்தையிலோ கே.கே. நகர் உழவர் சந்தையிலோ தொடங்குவது என் வழக்கம். லால்குடி, முசிறிப் பக்கத்துக் கத்தரிக்காய் பனியோடு வந்திருக்கும். வாழை அங்கே ஒரு தனி உலகம். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே அங்கேதான் இருக்கிறது. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி என்று சீப்புச் சீப்பாகத் தொங்குவதில் எது நாளைக்குப் பழுக்கும், எது மூன்று நாள் தாங்கும் என்று கடைக்காரரே கையால் அழுத்திப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். காந்தி மார்க்கெட்டுக்கு மாதம் ஒருமுறை மளிகைக்குப் போனால் போதும். அதன் நெரிசலைக் குறைக்கக் கள்ளிக்குடியில் கட்டிய புதுச் சந்தைக்கு வியாபாரிகள் போகவே மாட்டோம் என்று இருந்துவிட்டதையும் அங்கே கதையாகக் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்கு ஒருமுறை மகனைக் கூட்டிப்போங்கள். பக்கத்திலேயே ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பொன்மலைப் பணிமனை இருக்கிறது என்று சொன்னால் அவன் முகம் மாறும்.

மாலைகள் பெரும்பாலும் கோவில், ஆறு, உறவு என்ற மூன்றுக்குள் அடங்கும். இதில் உங்கள் அம்மாவுக்குச் சென்னையில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். ஸ்ரீரங்கத்து உத்திர வீதியும் சித்திர வீதியும் சமதளமானவை. வயதானவர்கள் மாலையில் அங்கே தனியாகவே நடந்து, திண்ணையில் உட்கார்ந்து, தெரிந்தவர் நாலுபேரிடம் பேசிவிட்டு வருகிறார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று மூச்சுவிட இடமிருக்காது. மற்ற நாட்களில் காற்று இலவசம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி நீர் திறந்தால் மூன்று நாளில் முக்கொம்புக்கு வந்துசேரும். வறண்ட மணலில் நுரையோடு முதல் நீர் ஊர்ந்து வருவதைப் பார்க்கப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார்கள், பூவும் நெல்லும் தூவுவார்கள். நான் அளவுமானி வைத்து ஆற்றை அளந்து சம்பளம் வாங்கியவன். எனக்கே அந்த நாளில் அலுவலகத்தில் உட்கார முடியாது.

இது எல்லோருக்கும் போதுமா என்றால், போதாது. கச்சேரிக்கு ரசிக ரஞ்சன சபா இருக்கிறது, ஆனால் மார்கழியில் ஒரே மாலையில் மூன்று சபாவில் எது என்று தேர்ந்தெடுக்கும் ஆடம்பரம் இல்லை. நாடகம், உலகப் படம், ஓவியக் கண்காட்சி என்று பழகியவர்கள் ஆறு மாதத்தில் தவித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். விமான நிலையம் பக்கமுள்ள அண்ணா கோளரங்கத்தை உங்கள் மகன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து முடித்துவிடுவான். காஜாமலை அண்ணா விளையாட்டரங்கம் அவனுக்கு நீண்டநாள் உதவும். பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த ஊரின் பழைய பலம். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கே வந்த தூய வளனார் கல்லூரி முதல் துவாக்குடியின் என்.ஐ.டி., 2011-இல் வந்த ஐ.ஐ.எம். வரை உண்டு.

மருத்துவத்தில் அம்மாவுக்கு அன்றாடத் தேவைக்குக் குறை இருக்காது. புத்தூர் அரசு மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது; தில்லைநகர்க் குறுக்குத் தெருக்களில் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே எந்த உறுப்புக்கும் ஒரு நிபுணர் கிடைப்பார். பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர்க்காரர்கள் வைத்தியத்துக்கு வருவது இங்கேதான் என்பதால், காத்திருக்கும் அறையில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். என் மாமியாருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோது பதினோரு நிமிடத்தில் மருத்துவமனைக்குள் இருந்தோம். மடிப்பாக்கத்தில் அந்த நேரத்தில் எங்கே இருந்திருப்போம் என்று நீங்களே யோசியுங்கள். மறுபக்கமும் சொல்லவேண்டும். பிறகு அவருக்கு அரிதான ஒரு வால்வு சிகிச்சை தேவைப்பட்டபோது, இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரிடத்தில் மூன்று வாரம் இழுத்தடித்து, கடைசியில் சென்னைக்குத்தான் கொண்டுவந்தோம். அம்மாவின் இதய மருத்துவரிடம், "இவருக்கு அடுத்து என்ன தேவைப்படலாம்? அது திருச்சியில் நடக்குமா?" என்று இப்போதே நேராகக் கேட்டுவிடுங்கள். அதற்கு அவர் தரும் பதில் இந்த மொத்தப் பதிலைவிட உங்களுக்கு முக்கியம்.

மனைவியின் வேலையில்தான் எனக்குக் கவலை. ஆசிரியர் வேலை கிடைக்கும். சென்னைச் சம்பளம் கிடைப்பது கடினம். ஊரின் பொருளாதாரம் நெடுங்காலமாக 1960-களில் வந்த பாரத மிகுமின் நிறுவனத்தையும், துப்பாக்கித் தொழிற்சாலையையும், ரயில்வேயையும், கல்லூரிகளையும் சார்ந்து வளர்ந்தது. மிகுமின் நிறுவனத்துக்கு ஆர்டர் குறைந்தபோது அதைச் சுற்றியிருந்த இரும்பு வேலைப் பட்டறைகள் வரிசையாக முடங்கியதைக் கண்ணால் கண்டேன். நவல்பட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. ஆனாலும் உங்கள் நிறுவனம் ஒருநாள் மனம் மாறி எல்லோரும் தினமும் அலுவலகம் வரவேண்டும் என்று சொன்னால், பெருங்குடியில் சாலையைக் கடந்தால் இன்னொரு வேலை என்பது போல அங்கே நடக்காது. வீட்டில் ஒரே சம்பளமாகிவிடும் முதல் ஆண்டுக்குச் சேமிப்பு இருக்கட்டும்.

அக்கம்பக்கம் நெருக்கமானது, அதன் இரண்டு அர்த்தத்திலும். குழந்தை தெருவில் விழுந்தால் நீங்கள் வருவதற்குள் ஒருவர் மஞ்சள் வைத்திருப்பார். நீங்கள் ஏன் அலுவலகம் போகாமல் வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்று அவரே நாலுபேரிடம் விசாரித்தும் இருப்பார். வீடு பார்க்கப் போனால் "எந்தப் பக்கம் நீங்க?", "சைவமா?" என்ற கேள்விகள் வரும். சென்னையில் இவை இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன், அங்கே தீவுப்பகுதியில் கொஞ்சம் வெளிப்படையாகவே கேட்பார்கள். தூய்மையில் 2016 தேசிய ஆய்வில் மூன்றாமிடம் வாங்கிய ஊர். பிறகு தரவரிசையில் இறங்கியது. அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் காற்று வீசும் திசையில் வீடு வேண்டாம். கோரையாறு, குடமுருட்டிக் கரையோர நகர்களில் 1977-லும் 2005-லும் வெள்ளம் எதுவரை வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் மாதம் நான்கு நாள் வந்துபோவதைப் பொறுத்தவரை, விருத்தாசலம் வழியாக ரயிலில் 336 கிலோமீட்டர். 2023 முதல் ஓடும் திருநெல்வேலி வந்தே பாரத் நான்கு மணி நேர அளவில் கொண்டுசேர்க்கிறது. மலைக்கோட்டை விரைவு வண்டியில் இரவு ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. வெள்ளி, ஞாயிறு இரவுகளைத் தவிர்த்து, செவ்வாயில் வந்து சனி காலையில் திரும்பும்படி நான்கு நாளையும் ஒரே வாரத்தில் அடுக்க நிறுவனம் சம்மதித்தால் பயணம் தாங்கக்கூடியதே. வாரத்துக்கு ஒரு நாள் என்று பிரித்தால் மூன்றாம் மாதமே சலித்துவிடும்.

என் யோசனை இது. மடிப்பாக்கம் வீட்டை விடாமல், பள்ளி விடுமுறையில், மே மாதத்தில், திருவானைக்காவல், உறையூர், கே.கே. நகர் இவற்றுள் ஏதாவது ஒன்றில் மூன்று வாரத்துக்கு ஒரு சிறிய வீட்டை எடுத்து நால்வருமாக இருந்துபாருங்கள். மார்கழியில் போய்ப் பார்த்து முடிவெடுத்தவர்கள் பலர் எனக்குத் தெரியும். மார்கழியில் எந்த ஊரும் நல்ல ஊர்தான். அப்போது பிடித்துப்போய் நிரந்தரமாக ஒரு வீடு பார்த்தால், தரகர் பகலில் காட்டிய அதே வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு மறுபடி ஒருமுறை போய் மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். முன்பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.